நிலத்தடிப் படத்தில் இல்லாத பாறை: நில அதிர்வுத் தரவில் மல்டிபிள்களைப் பிரிப்பது எப்படி?

750 மீட்டர் ஆழக் கடலில் எடுத்த நில அதிர்வுப் படம் ஒன்றை (ஒலி போய்த் திரும்பிய நேரமே இதில் கீழ்நோக்கிய அளவு) விரித்துப் பார்த்தால், 1 வினாடியில் கடல்தரை தடித்த கோடாகத் தெரியும். 2 வினாடியில் இன்னொரு தடித்த கோடு தெரியும். கடல்தரைக்குக் கீழே ஒலி வினாடிக்கு 2,200 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டு நேரத்தை ஆழமாக மாற்றினால், கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டரில் ஒரு பாறை அடுக்கு இருப்பதாகக் கணக்கு வரும். அங்கே அப்படி ஒரு அடுக்கே கிடையாது. கடல்தரையில் பட்டு மேலே வந்த ஒலி நீர்ப்பரப்பில் மோதித் திரும்பி, மறுபடியும் கடல்தரையில் பட்டு வந்திருக்கிறது. அந்த இரண்டாவது சுற்றுதான் 2 வினாடிக் கோடு.

இதைத் துறையில் மல்டிபிள் என்பார்கள். ஒரே ஒரு முறை பட்டுத் திரும்பிய அலை பிரைமரி. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளையிடுவோர், கார்பன் டைஆக்சைடை நிலத்தடியில் செலுத்த இடம் பார்ப்போர், கடலில் காற்றாலைக்கு அடித்தளம் போடுவோர் என எல்லோரும் பார்க்க விரும்புவது பிரைமரியைத்தான். மல்டிபிளை எடுத்துவிட ஒரு மென்பொருள் பொத்தான் போதும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. உண்மை அப்படியில்லை. மல்டிபிளுக்கும் பிரைமரிக்கும் உள்ள ஏதோ ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் வேலை செய்கிறது. அந்த வேறுபாடு எங்கே மங்குகிறதோ, அங்கே முறையும் தோற்கிறது.

மல்டிபிள் ஏன் இவ்வளவு வலுவாக வருகிறது

கப்பலின் பின்னால் இழுபடும் ஏர்கன்கள் அழுத்தக் காற்றைத் திடீரென்று நீருக்குள் வெளியேற்றுகின்றன. 6 முதல் 8 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்ட்ரீமர் கேபிளில், 12.5 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஹைட்ரோபோன் (நீருக்குள் ஒலியைக் கேட்கும் உணரி) தொகுதிகள் இருக்கும். திரும்பி வரும் அழுத்த மாற்றத்தை இவை 2 அல்லது 4 மில்லிவினாடிக்கு ஒருமுறை பதிவு செய்யும். ஒரு தொகுதியின் பதிவு ஒரு ட்ரேஸ்.

அலை எங்கே, எவ்வளவு திரும்பும் என்பதை இம்பீடன்ஸ் தீர்மானிக்கிறது. ஒரு பொருளின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கி வருவது இம்பீடன்ஸ். இரண்டு பொருள்களின் இம்பீடன்ஸ் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பிரதிபலிப்புக் கெழு கிடைக்கும். நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1,000 கிலோ, வேகம் 1,500 மீட்டர். கடல்தரை மணலுக்கு அடர்த்தி 2,000, வேகம் 1,800 என்று வைத்தால் கெழு 0.41. கீழிருந்து வரும் அலைக்கு நீர்ப்பரப்பின் கெழு கிட்டத்தட்ட −1. காற்றின் இம்பீடன்ஸ் நீரோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை என்பதால், அலை முழுவதும் குறி மாறிக் கீழே திரும்பிவிடுகிறது.

இனிக் கணக்கைப் பாருங்கள். கடல்தரையின் பிரைமரி 0.41. முதல் மல்டிபிள் 0.41-இன் இருமடி (வர்க்கம்), குறி மாறுவதால் −0.17. அடுத்தது +0.07. ஆழத்தில் உள்ள ஒரு பாறை எல்லையின் கெழு 0.05 என்று கொள்வோம். அலை கடல்தரையை இரண்டு முறை கடந்து வருவதால் 83 சதவீதமே மிஞ்சும். ஆக ஆழப் பிரைமரியின் அளவு 0.04. நாம் தேடும் சமிக்ஞையை விட மல்டிபிள் நான்கு மடங்கு பெரியது. அது மட்டுமல்ல. மல்டிபிள் தன் பயணம் முழுவதையும் நீரிலேயே முடிக்கிறது. நீர் ஒலியை மிகக் குறைவாகவே உறிஞ்சும், அதனால் உயர் அதிர்வெண் அப்படியே தங்குகிறது. பாறைக்குள் போய் வந்த பிரைமரி உயர் அதிர்வெண்ணை இழந்து மழுங்கித்தான் வரும். ஆகவே மல்டிபிள் பெரிதாக மட்டுமின்றிக் கூர்மையாகவும் தெரியும். பழகாத கண் அதையே நம்பும்.

வகைகள்

1. பரப்பு சார்ந்த மல்டிபிள்: வழியில் ஒருமுறையாவது நீர்ப்பரப்பில் அல்லது நிலப்பரப்பில் பட்டுக் கீழே திரும்பியது. கடலில் பெரும்பகுதி இதுவே.
2. பெக்-லெக்: ஒரு பக்கம் ஆழமான அடுக்கு, மறுபக்கம் நீர்ப்படலம் என்று சமச்சீரில்லாத பாதையில் வருவது. ஒவ்வொரு ஆழப் பிரைமரிக்கும் பின்னால் வால் போல இது தொடரும்.
3. உள் மல்டிபிள்: பரப்புக்கு வராமல் இரண்டு பாறை எல்லைகளுக்கு இடையிலேயே மாட்டிக்கொண்டு அலைந்தது. உப்புப் படலம், எரிமலைப் பாறை, நிலக்கரி அடுக்கு போன்ற வலுவான வேறுபாடுகள் உள்ள இடங்களில் தலைவலி.

கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பது

எந்த மென்பொருளையும் ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கடல்தரையின் நேரத்தை இரட்டித்து அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து சரிவு: கடல்தரை 15 மீட்டர் தாழ்ந்தால் அதன் கோடு 20 மில்லிவினாடி இறங்கும், முதல் மல்டிபிள் 40 மில்லிவினாடி இறங்கும். கடல்தரையின் மேடுபள்ளம் இருமடங்கு செங்குத்தாகக் கீழே திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம். குறியும் மாறியிருக்கும். மைக்ரேஷன் (அலைகளை அவை திரும்பிய உண்மையான இடத்துக்கு நகர்த்தும் கணக்கு) செய்த படத்தில், பாறையின் வேகத்தைக் கொண்டு நீரின் அலையை நகர்த்தியதால், சிரிக்கும் வாய் போல மேல்நோக்கி வளைந்த கோடுகள் பிரைமரிகளைக் குறுக்கே வெட்டும். ட்ரேஸை அதனோடே ஒப்பிடும் தன்தொடர்புக் கணக்கு, திரும்பத் திரும்ப வரும் இடைவெளியை நேரடியாகவே காட்டிவிடும்.

முதல் வேறுபாடு: திரும்ப வரும் இடைவெளி

30 மீட்டர் ஆழமுள்ள நீரில் ஒரு சுற்றுக்கு 40 மில்லிவினாடி. இவ்வளவு நெருக்கமாக வரும் எதிரொலிகள் தனித்தனிக் கோடுகளாகத் தெரியாது. தரவு முழுவதும் ஒரே தாளத்தில் அதிரும். ஒவ்வொரு சுற்றிலும் குறி மாறுவதால் 12.5, 37.5, 62.5 ஹெர்ட்ஸ் அதிர்வெண்கள் பெருகி, 25, 50 ஹெர்ட்ஸ் அமுங்கும். மைலோ பேக்கஸ் 1959-இல் இதற்கு எளிமையான தீர்வு சொன்னார். நீரின் ஆழமும் கடல்தரைக் கெழுவும் தெரிந்தால் மூன்றே எண்கள் கொண்ட வடிகட்டி போதும்: முதலில் 1, ஒரு சுற்று கழித்து கெழுவின் இரு மடங்கு, இரண்டு சுற்று கழித்து கெழுவின் இருமடி. மேலே சொன்ன மணலுக்கு அது 1, 0.82, 0.17.

இதன் பொதுவடிவம்தான் முன்கணிப்பு டிகான்வல்யூஷன். 1950-களில் எம்ஐடியில் எண்டர்ஸ் ராபின்சன் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது. ஒரு ட்ரேஸில் முன்னால் வந்ததைக் கொண்டு பின்னால் வருவதை ஊகித்து, ஊகிக்க முடிந்ததைக் கழித்துவிடும். பாறை அடுக்குகள் ஒழுங்கில்லாமல் அமைந்திருக்கும், மல்டிபிள் ஒழுங்கான இடைவெளியில் வரும் என்பதே இதன் நம்பிக்கை.

இந்த ஒழுங்கு ஆஃப்செட் பூஜ்யத்தில், அதாவது ஒலிமூலமும் ஹைட்ரோபோனும் ஒரே இடத்தில் இருக்கும்போது மட்டுமே சரியாக இருக்கும். ஆஃப்செட் கூடக் கூட இடைவெளி சுருங்கும். தரவை டவ்-பி தளத்துக்கு, அதாவது அலைகளைச் சாய்கோணவாரியாகப் பிரித்துக் காட்டும் வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொரு சாய்கோணத்துக்கும் தனித்தனியே செய்தால் ஒழுங்கு திரும்பக் கிடைக்கும். ஆனால் ஆழ்கடலில் இடைவெளி ஒரு வினாடியைத் தாண்டும்போது பதிவில் இரண்டு மூன்று சுற்றுகளே அடங்கும். அதை வைத்து எதையும் நம்பகமாக ஊகிக்க முடியாது.

இரண்டாம் வேறுபாடு: வேகம்

ஆஃப்செட் கூடினால் அலை வர நேரமாகும். அந்த நேரத்தின் இருமடி, பூஜ்ய ஆஃப்செட் நேரத்தின் இருமடியோடு ஆஃப்செட்டை வேகத்தால் வகுத்ததன் இருமடியைக் கூட்டினால் வரும். 2 வினாடியில் ஒரு பிரைமரியும் ஒரு மல்டிபிளும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதாக வைப்போம். பிரைமரியின் சராசரி வேகம் 1,880 மீட்டர், மல்டிபிளுடையது நீரின் 1,500. பிரைமரியின் வளைவை நிமிர்த்தும் என்எம்ஓ திருத்தம் செய்த பிறகு பிரைமரி தட்டையாக நிற்கும். மல்டிபிள் எவ்வளவு தாழ்ந்து தொங்கும்?

1. 3,000 மீட்டர் ஆஃப்செட்டில்: 335 மில்லிவினாடி.
2. 1,000 மீட்டரில்: 40 மில்லிவினாடி.
3. 300 மீட்டரில்: 4 மில்லிவினாடிக்கும் குறைவு.

ஹாரி மேய்ன் கொண்டுவந்த பொது நடுப்புள்ளி ஸ்டாக்கிங் (மூலத்துக்கும் ஹைட்ரோபோனுக்கும் நடுப்புள்ளி ஒன்றாக உள்ள ட்ரேஸ்களைக் கூட்டுவது) இந்த வேறுபாட்டால்தான் மல்டிபிளைக் குறைக்கிறது. தட்டையானது கூட்டும்போது வலுக்கும், வளைந்தது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இன்னும் துல்லியமாகச் செய்வது ரேடான் உருமாற்றம். டான் ஹாம்ப்சன் 1986-இல் முன்வைத்த பரவளைய வடிவம் இன்றும் தினசரிப் பயன்பாட்டில் இருக்கிறது. ட்ரேஸ் தொகுப்பில் உள்ள ஒவ்வொரு நிகழ்வையும் அதன் வளைவுக்கேற்ப வேறு இடத்தில் குவிக்கும். தட்டையான பகுதியை மறைத்துவிட்டு, வளைந்த பகுதியை மட்டும் திரும்ப உருவாக்கி மூலத் தரவிலிருந்து கழிப்பார்கள். தட்டையானதை வைத்துக்கொண்டு மற்றதை எறியாமல் இப்படிச் சுற்றுவழியில் போவதற்குக் காரணம் உண்டு. உருமாற்றம் எதையும் முழுமையாகத் திரும்பத் தராது; அந்த இழப்பு பிரைமரியின் மீது விழாமல் மல்டிபிளின் மீது விழட்டும் என்பதே நோக்கம்.

மூன்றாவது எண்ணை மறுபடியும் பாருங்கள். 4 மில்லிவினாடி என்பது ஒரு மாதிரிப் புள்ளியின் அளவு. அருகாமை ஆஃப்செட்டில் ரேடானுக்கு மல்டிபிளும் பிரைமரியும் ஒன்றுதான். அதனால் ரேடான் முடித்த தரவில் தொலைவு ஆஃப்செட் சுத்தமாக இருக்கும், அருகாமையில் மல்டிபிள் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆஃப்செட்டோடு வீச்சு எப்படி மாறுகிறது என்பதை வைத்து எரிவாயுவை ஊகிப்பவர்களுக்கு இது ஆபத்து, ஏனென்றால் அருகாமை வீச்சுதான் அவர்களுடைய அடிப்படை அளவு. வேகத்தைத் தவறாகத் தேர்ந்து மல்டிபிளையே தட்டையாக்கிவிட்டால், நிலைமை தலைகீழாகும்: ரேடான் பிரைமரியைக் கழித்துத் தரும்.

மூன்றாம் வேறுபாடு: தரவே தன் மல்டிபிளைச் சொல்லும்

பரப்பு சார்ந்த மல்டிபிள் ஒவ்வொன்றும் இரண்டு துண்டுப் பயணங்களின் சேர்க்கை. ஒலிமூலத்திலிருந்து கீழே போய் நீர்ப்பரப்பின் ஒரு புள்ளிக்கு வந்தது முதல் துண்டு. அந்தப் புள்ளியிலிருந்து கீழே போய் ஹைட்ரோபோனுக்கு வந்தது இரண்டாவது. இரண்டு துண்டுகளும் தனித்தனி ட்ரேஸ்களாக ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. இரண்டு ட்ரேஸ்களைக் கன்வல்யூஷன் (ஒன்றை மற்றொன்றின் மீது நேரவாரியாக நகர்த்திப் பெருக்கிக் கூட்டும் கணக்கு) செய்தால் நேரங்கள் கூடும்: 1 வினாடியும் 1 வினாடியும் சேர்ந்து 2. திரும்பும் புள்ளி எது என்று நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எல்லாப் புள்ளிகளுக்கும் செய்து கூட்டினால், உண்மையான பாதைக்கு அருகில் உள்ளவை ஒன்றையொன்று வலுப்படுத்தும், மற்றவை அழிந்துவிடும்.

ஆன்ஸ்டியும் நியூமனும் 1966-இல் கவனித்த இந்த உறவை டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பெர்க்கவுட், வெர்ஷூர், வாப்பனார் ஆகியோர் 1992-இல் முழு நடைமுறையாக வெளியிட்டனர். பெயர் எஸ்ஆர்எம்இ, அதாவது பரப்பு சார்ந்த மல்டிபிள் நீக்கம். நிலத்தடி வேகம் எதுவும் கொடுக்க வேண்டாம், அடுக்குகள் எப்படி வளைந்திருந்தாலும் பரவாயில்லை என்பது இதன் பெருமை. இந்தத் துறையில் தோன்றிய மிக அழகான யோசனைகளில் இதுவும் ஒன்று. செய்முறை:

1. மூலத்திலிருந்து நேராக ஹைட்ரோபோனுக்கு வரும் நேரலையை நீக்குதல். விட்டுவைத்தால் அதுவும் கன்வல்யூஷனில் புகுந்து பொய் நிகழ்வுகளை உண்டாக்கும்.
2. கோஸ்ட் நீக்கம். மூலத்துக்கும் ஹைட்ரோபோனுக்கும் சற்று மேலே உள்ள நீர்ப்பரப்பிலிருந்து வரும் இரட்டை நிழல் இது.
3. இல்லாத அருகாமை ட்ரேஸ்களை நிரப்புதல். முதல் ஹைட்ரோபோன் மூலத்திலிருந்து 100 முதல் 200 மீட்டர் தள்ளியே இருக்கும். பூஜ்யம் வரை கணித்து நிரப்ப வேண்டும்.
4. ஒவ்வொரு ஹைட்ரோபோன் இடத்திலும் ஒரு மூலம் இருப்பது போல இடைவெளிகளைச் சமப்படுத்துதல்.
5. கன்வல்யூஷன், கூட்டல்.
6. கணித்த மல்டிபிளைத் தரவோடு பொருத்திக் கழித்தல்.
7. கழித்த முடிவைக் கொண்டு மறுபடியும் கணித்தல். முதல் தடவை இரண்டாம் படி மல்டிபிள் இரு மடங்கு வலுவில் கணிக்கப்படும் என்பதால் இந்தச் சுற்று தேவை.

முப்பரிமாணத்தில் சிக்கல் நான்காம் படியில் வருகிறது. ஒரு ஸ்ட்ரீமருக்குள் ஹைட்ரோபோன்கள் 12.5 மீட்டரில் இருந்தாலும், ஸ்ட்ரீமருக்கும் ஸ்ட்ரீமருக்கும் நடுவே 75 முதல் 100 மீட்டர் வெறும் கடல். கப்பலின் பாதைக்குக் குறுக்கே கடல்தரை சரிந்திருந்தால், அல்லது ஓரத்தில் உப்புக் குன்று இருந்தால், மல்டிபிளின் திரும்பும் புள்ளி அந்த வெற்றிடத்தில் விழும். அதைப் பக்கத்து ட்ரேஸ்களிலிருந்து ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். இருபரிமாண எஸ்ஆர்எம்இ அந்த இடங்களில் மல்டிபிளைத் தவறான நேரத்தில் கணிக்கும்.

கழிக்கும் இடத்தில்தான் சேதம்

தவறான நேரம் என்றால் எவ்வளவு மோசம்? 4 மில்லிவினாடி பிழையை எடுத்துக்கொள்வோம். ஒரு முழு அலைச்சுற்றை 360 பாகையாகக் கொண்டால், 10 ஹெர்ட்ஸ் அலையில் அது 14 பாகைக் கட்டப் பிழை. வீச்சு சரியாகவே இருந்தாலும், கழித்த பிறகு மூல மல்டிபிளின் 25 சதவீதம் மிஞ்சும். 40 ஹெர்ட்ஸில் அதே பிழை 58 பாகை. 96 சதவீதம் மிஞ்சும். கழிக்காமலே இருந்திருக்கலாம்.

இந்த 4 மில்லிவினாடிக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. கடல்மட்டம் ஓதத்தால் 1.5 மீட்டர் மாறினால் கடல்தரைப் பிரைமரி 2 மில்லிவினாடியும் முதல் மல்டிபிள் 4 மில்லிவினாடியும் நகரும். பக்கத்துப் பாதைகள் வேறு வேறு நாள்களில் பதிவானவை என்பதை மறக்கக் கூடாது. நீரின் வெப்பமும் உப்புத்தன்மையும் மாறி வேகம் 1,500-இலிருந்து 1,510 ஆனால், 1,000 மீட்டர் ஆழத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 9 மில்லிவினாடி வித்தியாசம்.

ஆகவே கணிப்பை அப்படியே கழிக்காமல், சிறு வடிகட்டி ஒன்றைக் கொண்டு தரவோடு பொருந்தும்படி சற்று நகர்த்தி, அளவைச் சரிசெய்து கழிக்கிறார்கள். இதற்குத் தகவமைக் கழித்தல் என்று பெயர். பொருத்தம் சரியா என்று எப்படித் தெரியும்? கழித்தபின் மிஞ்சும் ஆற்றல் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே வழக்கமான அளவுகோல். இங்கேதான் பொறி இருக்கிறது. மல்டிபிளும் வலுவான பிரைமரியும் ஒரே இடத்தில் விழுந்தால், ஆற்றலைக் குறைக்கச் சிறந்த வழி பிரைமரியையும் சேர்த்துக் கழிப்பது. வடிகட்டிக்கு எது எது என்று தெரியாது. மல்டிபிளை வளைத்துப் பிரைமரியின் உருவுக்குக் கொண்டுவந்து அதையும் தின்றுவிடும்.

வடிகட்டி நீளமாகவும் அது கணக்கிடப்படும் சாளரம் சிறிதாகவும் இருந்தால் சேதம் கூடும். சாளரம் நீண்டால் பாதுகாப்பு, ஆனால் உள்ளூர் மாற்றங்கள் விடுபட்டு மல்டிபிள் மிஞ்சும். முதலில் பெரிய சாளரத்தில் பொதுவான நகர்வையும் அளவையும் சரிசெய்துவிட்டு, பிறகு சிறிய சாளரத்தில் குறுகிய வடிகட்டியை விடுவதே பத்திரமான வழி. மிச்ச வீச்சுகளின் இருமடிக் கூட்டுத்தொகைக்குப் பதில் அவற்றின் தனிமதிப்புகளின் (குறியை விட்ட அளவுகளின்) கூட்டுத்தொகையைக் குறைக்கும் முறை, வலுவான பிரைமரி உள்ள இடங்களில் பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது.

கழித்த பின் கிடைத்த சுத்தமான படத்தை மட்டும் பார்த்து ஒப்புதல் தருவது மிகப் பெரிய தவறு. எதைக் கழித்தோமோ அந்த வித்தியாசப் படத்தைத் தனியே திறந்து பார்க்க வேண்டும். அதில் கடல்தரையின் இருமடங்குச் சரிவில் ஓடும் கோடுகள் மட்டும் இருந்தால் நல்லது. மெதுவாகச் சரியும் படிவ அடுக்கு ஒன்றோ, முறிந்த பாறை விளிம்பு ஒன்றோ அதில் எட்டிப்பார்த்தால், இறுதிப் படத்திலிருந்து உண்மையான நிலவியல் வெட்டியெடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். மிஞ்சிய மல்டிபிளைப் படம் படிப்பவர் பிறகும் அடையாளம் கண்டுகொள்ளலாம். கழித்துப் போன பிரைமரியை அவரால் பார்க்கவே முடியாது.

ஆழமற்ற கடல்

எஸ்ஆர்எம்இ இங்கே திணறுவதற்குக் காரணம் எளிய வடிவியல். ஆழம் 50 மீட்டர், முதல் ஹைட்ரோபோன் 150 மீட்டரில் என்றால், கடல்தரையில் அலை படும் கோணம் 56 பாகை. 1,800 மீட்டர் வேகமுள்ள மணலுக்கு முழுப் பிரதிபலிப்பு தொடங்கும் மாறுநிலைக் கோணமும் 56 பாகைதான். அதாவது கிட்டத்தட்டச் செங்குத்தாகப் போய் வரும் மல்டிபிளைக் கணிக்கத் தேவையான கடல்தரைப் பிரதிபலிப்பு பதிவிலேயே இல்லை; பதிவான அருகாமை ட்ரேஸ் வேறொரு இயற்பியலைச் சேர்ந்தது. அதை வைத்துப் பூஜ்ய ஆஃப்செட்டை நிரப்புவது ஊகம் மட்டுமே.

இதற்கு மாற்று, நீர்ப்படலத்தை நாமே கணக்கில் உருவாக்குவது. எக்கோ சவுண்டர் தந்த ஆழத்தையும் நீரின் வேகத்தையும் கொண்டு நீருக்குள் ஒரு சுற்றுப் பயணம் எப்படியிருக்கும் என்று கணித்து, அதைப் பதிவான தரவோடு கன்வல்யூஷன் செய்கிறார்கள். மூலத்தின் பக்கமும் ஹைட்ரோபோனின் பக்கமும் தனித்தனியே செய்ய வேண்டும். நீர்ப்படலம் சாராத மல்டிபிள்களுக்கு அதன்பிறகு எஸ்ஆர்எம்இ.

உள் மல்டிபிள்

நீர்ப்பரப்பைத் தொடாததால் மேற்கண்ட கணிப்பில் இது அகப்படாது. வேகமும் பிரைமரியை ஒத்திருப்பதால் ரேடானிலும் தப்பிவிடும். யாகுபோவிச் 1998-இல் காட்டிய வழி: ஆழப் பிரதிபலிப்புகள் இரண்டைக் கன்வல்யூஷனால் கூட்டி, இடையில் உள்ள மேலடுக்கின் பிரதிபலிப்பைத் தொடர்புக் கணக்கால் கழிப்பது. மேலடுக்கு 1.6 வினாடி, கீழடுக்கு 2.4 வினாடி என்றால் உள் மல்டிபிள் 2.4 + 2.4 − 1.6, அதாவது 3.2 வினாடியில் வரும். எந்த அடுக்கு மல்டிபிளை உண்டாக்குகிறது என்று நாம் சொல்ல வேண்டியிருப்பது இதன் குறை. ஆர்தர் வெக்லைன் குழுவின் தலைகீழ்ச் சிதறல் தொடரும், மார்ச்செங்கோ முறையும் அந்தத் தேவையைக் குறைக்கின்றன. ஆனால் இரண்டும் மிகச் சுத்தமான, நெருக்கமான பதிவைக் கேட்கின்றன.

சந்தேகம் தீரவில்லையென்றால் கிணறு இருக்கும் இடத்தில் விஎஸ்பி உதவும். துளைக்குள் வெவ்வேறு ஆழங்களில் உணரிகளை வைத்துப் பதிவு செய்வது அது. ஒரு பாறை எல்லையிலிருந்து மேலே வரும் பிரைமரி, கீழே இறங்கும் முதல் அலையை அந்த எல்லையிலேயே சந்திக்கும். மல்டிபிள் அப்படிச் சந்திக்காமல் பிந்தியே நிற்கும்.

மல்டிபிளையே படமாக்குதல்

மல்டிபிளும் நிலத்துக்குள் போய் வந்த அலைதான். கடல்தரையில் உணரிகளை 400 மீட்டருக்கு ஒன்று என்று வைத்துப் பதிவு செய்யும்போது, மேலே வரும் பிரைமரியால் உணரிக்கு நேர் கீழே ஒரு சிறு கூம்பை மட்டுமே படமாக்க முடியும். கூம்புகளுக்கு நடுவே கடல்தரையும் ஆழமற்ற அடுக்குகளும் விடுபடும். நீர்ப்பரப்பில் பட்டுக் கீழே இறங்கி வரும் அலையைத் தனியே பிரித்தெடுத்து, உணரி கடல் மட்டத்துக்கு மேலே, நீரின் ஆழத்துக்குச் சமமான உயரத்தில் இருப்பது போலக் கணக்கிட்டால், அந்த இடைவெளிகள் நிரம்புகின்றன. இதைக் கண்ணாடிப் படமாக்கம் என்பார்கள். அழுத்தத்தை அளக்கும் ஹைட்ரோபோனையும் அசைவை அளக்கும் ஜியோபோனையும் ஒரே பெட்டியில் வைத்தால்தான் மேலே போவதையும் கீழே வருவதையும் பிரிக்க முடியும். ஜியோபோன் கடல்தரையோடு சரியாக ஒட்டாத உணரிகளில் இந்தப் பிரிப்பு கெட்டு, பிரைமரி கலந்த பொய்க் கோடுகள் படத்துக்குள் வரும். அதனால் ஒவ்வொரு உணரியிலும் இரண்டின் அளவையும் அதிர்வெண்வாரியாக ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் திருத்திய பிறகோ விலக்கிய பிறகோதான் படமாக்கலைத் தொடங்க வேண்டும்.